ஒற்றை ஸ்வரம்

தமிழில் ஒருவரை இழிவாகப் பேச நீண்ட வசவு எதுவும் தேவையில்லை. 'அவன் ஒத்து ஊதுகிறவன்' என்று சொன்னால் போதும். சொந்தக் கருத்து இல்லாதவன், பெரிய மனிதர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவன் என்று அர்த்தமாகிவிடும். இந்த வசவை நாம் எத்தனையோ பேர்மீது எத்தனையோ தடவை பிரயோகித்திருப்போம். ஆனால், உண்மையில் ஒத்து ஊதுகிற மனிதர் யார், அவர் என்னதான் செய்கிறார் என்று நின்று யோசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பழைய நாகஸ்வர கோஷ்டியில், நாகஸ்வரம், தவில், தாளம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் இருப்பதும் பார்வைக்கு நாகஸ்வரம் போன்ற குழல்தான். ஆனால் விரல் ஓட்டி வாசிப்பதற்கு அதில் துளைகள் இருக்காது. கச்சேரி தொடங்கியதிலிருந்து முடிகிறவரை ஆதார ஷட்ஜம் ஒன்றையே அவர் ஊதிக்கொண்டிருப்பார். நாதம் இடையில் அறுந்துவிடக்கூடாது. ஆகவே கன்னத்தில் காற்றை அடக்கிவைத்து ஊதிக்கொண்டே, மூக்கால் மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். அது சாதாரண வித்தையல்ல. ஆனால் அதற்காக யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை. கிடைக்கிற சன்மானத்தில் அவர் பங்கு கடைசிப் பங்கு. இப்போது பெரும்பாலான இடங்களில் மின்சாரச் சுருதிப்பெட்டி அவருடைய வேலையைச் செய்கிறது. அவர் இல்லாமற்போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த கோவில்பட்டிச் சீமையில், நாகஸ்வரக்காரர் வீட்டுப் பையன் முதலில் ஒத்துக்கோ தாளத்துக்கோதான் உட்காருவான். உட்கார்ந்து கேட்டுக் கேட்டே ராகம் படிந்து, ஒருநாள் நாகஸ்வரத்தைக் கையில் எடுப்பான். இன்னொருவன் அதே ஒத்தைப் பிடித்துக்கொண்டு தலை நரைக்கிறவரை உட்கார்ந்திருப்பான். இருவரும் ஊதியது ஒரே ஸ்வரம்தான். ஒருவனுக்கு அது வாசற்படி. மற்றவனுக்கு அதுவே வீடு. ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு ஸ்வரத்தைக் கொடுத்து, 'இதுதான் உன் பங்கு' என்று சொல்வது நியாயமா, அநியாயமா? இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது ஒரு கச்சேரியில் அல்ல; தூத்துக்குடிப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிப் போகிற சாலையில் இரு பக்கமும் உப்பளங்கள். வெள்ளை வெளேரென்று குவித்த உப்பு, வெயிலில் கண்ணைப் பறிக்கும். அதைத் தாண்டி ஒரு சிறு கிராமம். அங்கே உள்ள பள்ளியில் சங்கீதத்துக்கென்று தனி வாத்தியார் கிடையாது. ஆரம்பப் பள்ளிகளில் அப்படி ஒருவர் இருப்பது எங்குமே அபூர்வம்தான். ஆனால் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கொஞ்சம் பாட்டு ஞானம் உண்டு. அதைவிட அதிகமாகப் பிடிவாதம் உண்டு. குழாய் வேலை செய்கிறவர்களிடம் மிஞ்சிப்போன பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கேட்டு வாங்கி, அளந்து அறுத்து, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்வரமாக்கி வைத்திருந்தார். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட் குழாய்களுக்கு ஏறியிருந்தது. ஷட்ஜம் சிவப்பு, ரிஷபம் நீலம், காந்தாரம் மஞ்சள் என்று நிறம் நிறமாக ஒரு மூங்கில் கூடை நிறையக் குழாய்கள்.

குழாயை உள்ளங்கையிலோ தொடையிலோ தட்டினால் 'டுப்' என்று ஒரு நாதம் வரும். அதிருவது குழாய்க்குள் இருக்கும் காற்று. குழாய் நீண்டால் ஸ்வரம் தாழும், குறுகினால் ஏறும். கணக்குப்படி, ஷட்ஜக் குழாயின் மூன்றில் இரண்டு பங்கு நீளம் பஞ்சமம். சரி பாதி மேல் ஷட்ஜம். ஆனால் குழாயின் இரு வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து அதிர்வதால், ஓரிரண்டு சென்டிமீட்டர் குறைத்தே அறுக்க வேண்டும். ஷட்ஜம் சுமார் 63 சென்டிமீட்டர் என்றால் பஞ்சமம் 41, மேல் ஷட்ஜம் 30 என்று வரும். ஜலதரங்கக் கிண்ணத்தில் சுருதி பிசகினால் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டோ எடுத்தோ சரிசெய்து கொள்ளலாம். குழாயில் அது நடக்காது. கூட அறுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. அந்த டீச்சர் எத்தனை துண்டுகளைப் பாழாக்கினார் என்பது அவருக்கும் அவருடைய ஆக்ஸா பிளேடுக்கும்தான் தெரியும்.

இது அவர் கண்டுபிடித்த வித்தையல்ல. 1990களில் அமெரிக்காவில் கிரெய்க் ராம்செல் என்பவர், பரிசுப் பொருள் சுற்றும் காகிதத்தின் நடுவிலுள்ள அட்டைக் குழலைக் குப்பையில் போடுவதற்காகத் துண்டுபோட்டபோது, இரண்டு துண்டுகளும் தொடையில் தட்டினால் இரண்டு ஸ்வரமாக ஒலிப்பதைக் கவனித்தாராம். அதிலிருந்து வர்ணப் பிளாஸ்டிக் குழாய்கள் பிறந்தன; இன்று உலகத்தில் பல நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அவை இருக்கின்றன. அதற்கும் வெகு காலம் முன்பே ஜாவாவில் மூங்கிற் குழல்கள் இருந்தன. 'அங்க்லுங்' என்று பெயர். சட்டத்தில் தொங்கும் குழல்களைக் குலுக்கினால் ஒரு ஸ்வரம் வரும்; ஓர் ஆள் கையில் ஒரு ஸ்வரம். டாயெங் சுதிக்னா என்ற பள்ளி ஆசிரியர் 1938-ல் அதை மேல்நாட்டு ஸ்வர வரிசைக்குச் சுருதி சேர்த்து, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். 1955-ல் ஆசிய ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள் பாண்டுங்கில் கூடியபோது அவர்கள் முன்னிலையில் அங்க்லுங் ஒலித்தது. 2010-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

நம் டீச்சர் கூடையில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை. ஸ ரி க ப த, அப்புறம் மேல் ஷட்ஜம், மோகன ராகம். ஜெர்மனியில் குழந்தைகளின் சங்கீதக் கல்விக்கு வழிகாட்டிய கார்ல் ஆர்ஃப் என்பவரும் ஏறத்தாழ இதையேதான் செய்தார். மரச் சட்டங்களைத் தட்டி வாசிக்கிற வாத்தியத்தில் அந்த இரண்டு ஸ்வரங்களின் சட்டங்களைக் கழற்றி வைத்துவிடுவார். மிச்சமிருக்கும் ஐந்தில் எதை எப்போது தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. குழந்தை பயமில்லாமல் தட்டும். மோகனத்தின் குணம் மியூனிச்சிலும் மோகனம்தான் என்று அறிய நமக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பன்னிரண்டு பேர் கையில் குழாய். மற்றவர்கள் தாளம் போட்டுப் பாட வேண்டும். டீச்சரே கட்டிய ஒரு சிறு மெட்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஸ்வரம் வருகிற இடத்தில் மட்டும் தட்ட வேண்டும். முதலில் தூறல் மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு, திடீரென்று அது பாட்டாகிவிட்டது. அந்த நிமிஷத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! தாங்கள்தான் இதைச் செய்தோமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குத் தெரிந்த பாட்டு வித்வான் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "என்ன ஓய், குழாயடிச் சண்டை கேள்விப்பட்டிருக்கிறேன், குழாயடிச் சங்கீதம் வேறு வந்துவிட்டதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "கமகம் இல்லாத ஸ்வரம் உயிரில்லாத ஸ்வரம். தப்பே வராத வாத்தியத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஒரு பிள்ளை ஏழு ஸ்வரத்தையும் தொண்டையில் பிடித்து, தப்பி, அழுது, மறுபடி பிடித்துத்தான் பாட்டு வரும். நீர் சொல்வது சங்கீதத்தைப் பங்குபோட்டு விற்பது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம். குழாயில் ஸ்வரத்தை அசைக்க முடியாது, இழுக்க முடியாது. அரை நொடியில் நாதம் செத்துவிடும். ஆனால் இதே ஜில்லாவில், எட்டயபுரத்தில், 1835-ல் உயிர்நீத்த முத்துஸ்வாமி தீக்ஷிதர், வெள்ளைக்காரப் பட்டாளத்து பாண்டு மெட்டுக்களுக்கு சாகித்யம் செய்து வைத்திருக்கிறார். நோட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவற்றில் கமகத்துக்கு இடம் மிகக் குறைவு. அத்தனை பெரிய ஞானி இந்தச் சின்ன வாசலை இழிவாக நினைக்கவில்லை. குழாய் ராகத்தைக் கற்பிக்காது என்பது சரி. அது கற்பிப்பது, பிறர் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்பதை. அது ராகத்துக்கு முந்திய பாடம்.

வித்வானின் ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்றுதான் என்னை உறுத்தியது.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்வரம், எல்லாரும் சேர்ந்தால் சங்கீதம் என்ற உவமை இருக்கிறதே, அது கேட்க வெகு அழகானது. அழகாக இருப்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பிறந்த ஜாதிக்கு ஒரு தொழில், அவரவர் அவரவர் இடத்தில் இருந்தால் உலகம் ஒழுங்காக நடக்கும் என்று நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சொன்னவர்களும் ஏறக்குறைய இந்த உவமையைத்தான் சொன்னார்கள். ஒரே உடம்பின் உறுப்புகள் என்றார்கள். ஒரே தேரின் சக்கரங்கள் என்றார்கள். தலையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள்தாம் இந்த உவமையை அதிகம் ரசித்தார்கள். கால் என்று சொல்லப்பட்டவர்கள் அதை ரசித்ததாகக் கேள்வியில்லை.

ரஷ்யாவில் உவமையாக அல்ல, நிஜமாகவே இதை நடத்திப் பார்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், நரிஷ்கின் என்ற பிரபுவின் மாளிகையில் மாரெஷ் என்ற பொஹீமிய நாட்டு வாத்தியக்காரர் ஒரு கொம்பு வாத்தியக் குழுவை அமைத்தார். ஓர் ஆளுக்கு ஒரு கொம்பு. ஒரு கொம்புக்கு ஒரே ஸ்வரம். ஊதியவர்கள் எல்லாரும் பிரபுவுக்குச் சொந்தமான பண்ணையடிமைகள். தன் ஸ்வரம் வருகிறவரை இடங்களை எண்ணிக்கொண்டு நிற்பதும், வந்ததும் ஊதுவதும்தான் அவர்கள் வேலை. கேட்டவர்கள் ஒரே பெரிய ஆர்கன் வாத்தியம் ஒலிப்பதுபோல் இருந்தது என்று வியந்தார்கள். பிற பிரபுக்களும் ஆளுக்கொரு குழு வைத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் ஒருவனை வழியில் நிறுத்தி, 'நீ யார்?' என்று கேட்டபோது, அவன் தன் பெயரைச் சொல்லாமல், 'நான் நரிஷ்கின் பிரபுவின் இன்ன ஸ்வரம்' என்று பதில் சொன்னான் என ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டும். இதைவிடத் துக்கமான கதையைச் சங்கீத சரித்திரத்தில் நான் படித்ததில்லை. மனிதனுக்கு ஸ்வரம் கொடுத்தார்கள், பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று பார்த்தாலே போதும். முத்துச் சலாபம் நடந்த காலத்தில் ஒரு வள்ளத்தில் எத்தனை வகை ஆட்கள்! சம்மாட்டி, சுக்கான் பிடிப்பவர், குளியாட்கள், அவர்களுக்குக் கயிறு பிடிப்பவர்கள். குளியாள் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்குவான். ஆறேழு பாகத்திலிருந்து பத்துப் பாகம் வரை ஆழம். ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பான். வெள்ளையர் ஆட்சியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சமுள்ள ஒரு பங்கைத்தான் உயிரைக் கொடுத்து மூழ்கினவர்கள் பிரித்துக்கொண்டார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு அந்தத் தொழிலே இந்தக் கரையில் முடிந்துவிட்டது. தகப்பன் மூழ்கினான், ஆகவே மகனும் மூழ்கினான். தாய் உப்பு வாரினாள், ஆகவே மகளும் வாரினாள். தட்டுவதற்கு ஒரு ஸ்வரம். அதுவும் பிறந்த அன்றே கையில் கொடுத்துவிட்டது.

ஆனால் நியாயம் பேசுவதென்றால் மறுபக்கத்தையும் பேச வேண்டும். அதே வள்ளத்தில் மேலே கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பாருங்கள். அவன் வேலை என்ன? பார்க்கப்போனால், சும்மா நிற்பது. ஆனால் அந்தச் சும்மாவில் எத்தனை விழிப்பு! தண்ணீருக்கடியில் இருப்பவனின் மூச்சு இவன் விரல் நுனியில் இருக்கிறது. அசைவு வந்த கணத்தில் இழுக்க வேண்டும். முந்தினால் உழைப்பு வீண். பிந்தினால் உயிர் போய்விடும். மனைவியின் கூடப்பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா! ஒரே ஒரு செயல்தான் அவனுக்கு. அதை இழிவு என்று யார் சொல்லத் துணிவார்கள்?

வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவரும் அப்படித்தான். குடத்தில் ராகமா வாசிக்க முடியும்? ஆனால் புலவர் கதையில் எந்த இடத்தில் ஓங்குவார், எந்த இடத்தில் தழுதழுப்பார் என்பது குடக்காரருக்கு அத்துபடி. கதை முழுவதும் தெரியாதவன் குடத்தில் ஓர் அடிகூடச் சரியாக அடிக்க முடியாது.

பிள்ளைகளின் குழாயும் இதைத்தான் சொல்கிறது. பாட்டில் ஐந்தாவது இடத்திலும் பன்னிரண்டாவது இடத்திலும் மட்டுமே தட்ட வேண்டிய பையன், நடுவில் உள்ள ஸ்வரங்களையெல்லாம் மனத்துக்குள் பாடிக்கொண்டே வந்தால்தான் தன் இடத்தில் தட்ட முடியும். கையில் ஒரு ஸ்வரம். நெஞ்சில் முழுப் பாட்டு. தட்டாமல் இருப்பதும் வாசிப்புதான் என்பதை எட்டு வயதில் கற்றுக்கொள்கிறவன் பாக்கியசாலி. நம்மில் பலர் அறுபது வயதிலும் அதைக் கற்கவில்லை. மற்றவர் பேசும்போது நம் முறை எப்போது வரும் என்றுதான் காத்திருக்கிறோமே தவிர, கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றார்கள். யந்திரத்தின் முன்னால் நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்து, தாம் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்திருந்தவர்கள், எல்லாரும் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் ஆலை ஊமையாகிவிட்டது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. ஒற்றை ஸ்வரக்காரனுக்கு இருக்கிற பலம் அது. பாட்டு முழுவதையும் அவனால் வாசிக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் அவன் தட்டாவிட்டால் பாட்டு பாட்டாகாது.

ஆகவே ஒற்றை ஸ்வரம் கொடுப்பதில் இழிவில்லை. கொடுத்தது எதற்காக, எத்தனை நாளைக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். அதில் அயோக்கியர்களை அடையாளம் காண்பது சுலபம். நரிஷ்கின் பிரபுவைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நல்லவர்கள் விஷயத்தில்தான் சங்கடம்.

வகுப்பில் சிவப்புக் குழாய் ஒரு பெண் குழந்தையின் கையில் இருந்தது. அன்று மட்டுமல்ல, எப்பொழுதும் அவள் கையில்தான் இருக்குமாம். மெட்டில் கீழ் ஷட்ஜம் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் வரும். பாட்டு முடிகிறவரை அவள் அந்த நீளக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பாள். எல்லாரும் நிறுத்தியதும் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"அவளுக்கு ஏன் எப்பொழுதும் ஷட்ஜம்?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"பாவம் ஸார், கொஞ்சம் மந்தம். அம்மா உப்பளத்து வேலைக்கு விடியுமுன்னமே போயிருவாங்க, வீட்டுல பார்த்துக்க ஆள் கிடையாது. ஷட்ஜம்னா எல்லாரும் நிறுத்தின பிறகு அடிச்சாப் போதும், தப்பே வராது. வேற எதையும் கொடுத்தா இடம் தெரியாம அடிப்பா. பிள்ளைங்க சிரிக்கும். அழுதுருவா."

"அவளாக எதுவும் கேட்டதில்லையா?"

"ஒருநாள், 'டீச்சர், எனக்கு மஞ்சள் தாங்க'ன்னா. அடுத்த வாரம் பார்ப்போம்னேன்."

"அடுத்த வாரம் வந்ததா?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. கூடையில் குழாய்களை அடுக்கத் தொடங்கினார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தை அழக்கூடாது என்ற ஈரம்தானே அந்தச் சிவப்புக் குழாயைக் கொடுக்கச் சொன்னது? ஆனால் யோசித்துப் பாருங்கள். பலவீனமானவர்களுக்குச் சுலபமான இடம் ஒன்றைக் கொடுத்து, அங்கே அவர்கள் தப்புச் செய்யாமல் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைகிற இரக்கம், நாம் எல்லாரும் தினமும் செய்கிற இரக்கம். பெண்ணுக்கு வெளிவேலை சிரமம், வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறோம். அவன் படித்து என்ன செய்யப்போகிறான், கஷ்டப்படுவான், அப்பன் தொழிலே போதும் என்கிறோம். எல்லாம் அன்பினால் சொல்வது. கொடுமையை எதிர்த்துக்கொண்டு ஓடிவிடலாம். அன்பை எப்படி எதிர்ப்பது? அடுத்த வாரம் பார்ப்போம் என்று புன்னகையோடு சொல்லும் ஒருவரிடம் எட்டு வயதுக் குழந்தை என்ன வாதாட முடியும்? தப்புச் செய்யும் உரிமையை ஒருவரிடமிருந்து எடுத்துவிட்டால், கற்கும் உரிமையையும் அதோடு சேர்த்து எடுத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

சில மாதங்களுக்குப் பிறகு தூத்துக்குடி பஸ் நிலையத்தில் அந்த டீச்சரைச் சந்தித்தேன். நான் கேட்காமலே அவர் சொன்னார். இப்போது வகுப்பில் ஒரு சட்டம்: வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் தம் குழாயை வலப்பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். தாளம் போடுகிறவர்களும் அந்த வரிசையில் உண்டு. யாருக்கும் சலுகை கிடையாது.

"அந்தப் பெண்?" என்றேன்.

"மஞ்சள் கிடைச்ச அன்னிக்கு நாலு தடவை தப்பா அடிச்சா ஸார். நான் சொன்னபடியே பிள்ளைங்க சிரிச்சுது. 'ஏட்டி, உனக்குச் சிவப்புத்தான் சரி'ன்னு ஒருத்தி சொன்னா. அழுதா. ஆனா குழாயை மட்டும் கொடுக்க மாட்டேன்னுட்டா."

"இப்போது?"

"இப்பவும் தப்பு வரத்தான் செய்யுது. ஆனா ஒண்ணு ஸார். பாட்டு முழுக்க அவளுக்குத்தான் தெரியுது; யார் எங்கே அடிக்கணும்னு அவதான் சொல்றா. இத்தனை நாளாக் கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே நின்னவ இல்லையா? சிரிச்சுதே பிள்ளைங்க, அதுல நல்லா வாசிக்கிற பையன் ஒருத்தன் கையில சிவப்பு வந்துச்சு. அவனுக்குப் பொறுக்க முடியலை. பாட்டு முடியுமுன்னமே அடிச்சுட்டான். மூணு தடவை."

பஸ் வந்துவிட்டது, டீச்சர் ஏறிப் போய்விட்டார்.

சுலபமான இடம் என்று நாம் பிறருக்கு ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களில் ஒரு வாரம் நாமே நின்று பார்த்தால்தான் அது எத்தனை சுலபம் என்பது தெரியும் போலிருக்கிறது. உப்பளத்தில் வெயிலில் நிற்பதும், பின்வரிசையில் மூச்சடக்கி ஒத்து ஊதுவதும், அடுப்படியில் எல்லாரும் சாப்பிட்டு முடிகிறவரை காத்திருப்பதும், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் ஒற்றை ஸ்வரம். அங்கே நின்றவர்களுக்கு முழுப் பாட்டும் தெரியும். நமக்குத்தான் அவர்களைக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

எல்லாருக்கும் எல்லா ஸ்வரமும் ஒரே நாளில் கிடைத்துவிடாது என்பது எனக்கும் தெரியும். உலகத்தில் வேலைகள் பிரிந்துதான் இருக்கும்; வள்ளத்தில் எல்லாருமே மூழ்கினால் கயிற்றை யார் பிடிப்பது? பங்கு இருக்கட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒன்றும் இருக்க வேண்டும். கையில் இருக்கும் குழாயைப் பக்கத்தில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ளும் ஒரு நாள். அந்த நாள் இல்லாத சமூகத்தில் எத்தனை இனிய பாட்டு ஒலித்தாலும், அது நரிஷ்கின் மாளிகையின் பாட்டுத்தான்.